குடும்பத்துக்கு மட்டும்

சென்ற மாதம் இரண்டாம் ஞாயிறு, கோட்டூரில் நான் குடியிருக்கும் அடுக்ககத்தின் சங்கக் கூட்டம் மொட்டை மாடியில் நடந்தது. மொத்தம் பன்னிரண்டு வீடுகள். பத்து வீட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள். இனிமேல் இந்தக் கட்டடத்தில் மாணவர்களுக்கும் பேச்சுலர்களுக்கும் வீடு வாடகைக்கு விடுவதில்லை என்று ஒரு தீர்மானம். ஒன்பது கைகள் உயர்ந்தன. உயராத கை என்னுடையது. ஏன் என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் செயலாளர் லிஃப்ட் பராமரிப்புக்குப் போய்விட்டார். அன்று சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

தீர்மானத்துக்குக் காரணம் ஒரு தண்ணீர்க் கசிவு. இரண்டாம் தளத்தில் நான்கு பையன்கள் இருந்தார்கள். மூன்று பேர் அண்ணா பல்கலைக்கழகத்தில் முதுநிலை படிக்கிறவர்கள், ஒருவர் ஆராய்ச்சி மாணவர். அவர்களுடைய குளியலறையிலிருந்து தண்ணீர் இறங்கி, கீழ்வீட்டுச் சமையலறையின் கூரை ஊறி, பூச்சு பெயர்ந்து விழுந்தது. அந்தக் கீழ்வீடு என்னுடையது. விழுந்தது என் அடுப்பின் மேல். இந்த விஷயத்தில் கோபப்பட யாருக்காவது முதல் உரிமை உண்டென்றால் அது எனக்குத்தான்.

பிளம்பர் வந்து டைல்ஸை உடைத்துப் பார்த்தபோது நான் பக்கத்தில் நின்றேன். சுவருக்குள் இருந்தது கட்டடம் கட்டிய நாளில் பதித்த ஜிஐ பைப். முப்பது வருஷம் ஆகிறது. ஒரு எல்போவை அறுத்து என் கையில் கொடுத்து, "உள்ள பாருங்கம்மா" என்றார். உட்புறம் முழுக்கத் துரு அப்பி, தண்ணீர் போக ஒரு பென்சில் நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது. வெளிப்புறத்தில் விரல் வைத்தால் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. சுவரில் ஈரம் தெரிவதாக அந்தப் பையன்கள் தங்கள் ஓனருக்கு மூன்று முறை படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள். அவர் இருப்பது அமெரிக்காவில். முதல் செய்திக்கு, பார்க்கிறேன் என்று பதில். அடுத்த இரண்டுக்கும் பதிலே இல்லை. அந்தச் செய்திகளை என்னிடம் காட்டினார்கள், தேதியோடு பார்த்தேன். இவ்வளவையும் சங்கத்தில் எல்லோரிடமும் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள். அதன் பிறகும் தீர்மானத்தில் "மாணவர்களின் அஜாக்கிரதையால்" என்றுதான் எழுதியிருந்தது.

பல்கலைக்கழகத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் நிலைத்துவிட்ட கருத்து இப்படித்தான் உருவாகிறது. பையன்களுக்கு விட்டால் வீடு நாசமாகும் என்பது முன்பே முடிவாகிவிட்டது. பிறகு என்ன நடந்தாலும் அது அந்த முடிவுக்குச் சாட்சி ஆகிறது. எங்கள் கட்டடத்திலேயே ஐந்து வருஷத்துக்கு முன் ஒரு குடும்பம் குடியிருந்த வீட்டில் கேஸ் அடுப்பைத் திறந்து வைத்துவிட்டு ஊருக்குப் போய், தீயணைப்பு வண்டி வரும்படி ஆயிற்று. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. "இனிக் குடும்பங்களுக்கு வீடு விடுவதில்லை" என்று அன்று யாரும் தீர்மானம் போடவில்லை. அது அந்தக் குடும்பத்தின் தவறாகவே பார்க்கப்பட்டது. அப்படிப் பார்த்ததுதான் நியாயம். ஒரு மாணவன் தவறு செய்தால் மட்டும் அது ஏன் மாணவ சாதி முழுவதன் தவறாகிறது?

நாசம் நாசம் என்கிறார்களே, அதை எண்ணிப் பார்த்தவர் யார்? அந்த நால்வரின் வீட்டுக்குள் நான் போயிருக்கிறேன். நான்கு பாய், ஒரு இண்டக்ஷன் அடுப்பு, ஒரு ரைஸ் குக்கர், சுவரோரம் புத்தகங்கள், ஜன்னல் கம்பியில் துவைத்த சட்டைகள். பீரோ இல்லை, பூஜை அறைக்கென்று சுவரில் அடித்த ஆணி இல்லை, கிரேயானால் சுவரில் கிறுக்கும் குழந்தை இல்லை. காலை எட்டரைக்குப் போனால் இரவு ஒன்பதுக்கு வருவார்கள். ஒரு வீடு மனிதர் புழங்கத் தேய்வதுதான். நான்கு பேர் படுத்து எழுந்து போகிற வீடு, மூன்று வேளை சமைத்து, தாளித்து, துவைத்து, விருந்தினர் வந்து போகிற வீட்டைவிடக் குறைவாகவே தேயும்.

சேதத்துக்குப் பயந்துதானே சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் வாங்குகிறோம்? இதைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் தெருவில் யாரும் பேசுவதில்லை. மாத வாடகை 24,000 ரூபாய் என்றால் அட்வான்ஸ் 2,40,000. நால்வர் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு 60,000. அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவிக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் அரசு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. அதில் ஒரு ரூபாய் தொடாமல் சேர்த்தாலும் அந்த 60,000 சேர ஐந்து வருஷம் ஆகும்; அதற்குள் அவள் படிப்பே முடிந்திருக்கும். அட்வான்ஸுக்கு வட்டி கிடையாது. ஏழு சதவீத வட்டி என்று வைத்தாலும் 2,40,000 ரூபாய்க்கு வருஷத்துக்கு 16,800. அதாவது சொல்லாத வாடகையாக மாதம் 1,400 ரூபாய் கூடுதலாக நம் கைக்கு வருகிறது. காலி செய்யும்போது பெயிண்டிங் சார்ஜ் என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்கிறோம். பல வீடுகளில் அந்தப் பெயிண்ட் அடிக்கப்படுவதே இல்லை. அடுத்து வருபவர் அதே சுவருக்கு மறுபடி பெயிண்டிங் சார்ஜ் கொடுத்துவிட்டுப் போகிறார். இத்தனையும் சேதம் வரும் என்ற பேரில் வாங்கியாயிற்று. சேதத்துக்கான பணத்தை முன்கூட்டி வாங்கிக்கொண்டவர், சேதம் வரும் என்று சொல்லி ஆளையும் ஒதுக்குவது எந்தக் கணக்கில் சேர்த்தி?

2017-ஆம் ஆண்டில் நம் சட்டமன்றம் நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் சட்டம் ஒன்றை இயற்றியது. 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதைப் பதிய வேண்டும் என்கிறது. மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. ஆனால் இரு தரப்பும் வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தால் அது பொருந்தாது என்று அதே வரியில் ஒரு கதவைத் திறந்தும் வைத்திருக்கிறது. அந்தக் கதவு வழியாகப் பழைய பத்து மாதமும் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. வீடு கிடைக்காத ஒருவனுக்கும் வீட்டை வைத்திருக்கும் ஒருவருக்கும் நடுவே நடப்பதை ஒப்பந்தம் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

"ஆறு பேர் அடைஞ்சு கிடக்கிறாங்க, தண்ணி பத்தலை" என்பது அடுத்த புகார். உண்மைதான். நானும் பார்த்திருக்கிறேன். எதனால் ஆறு பேர் ஆகிறார்கள் என்பதையும் பார்த்திருக்கிறேன். தெருவில் பத்து வீட்டில் எட்டு வீடு குடும்பத்துக்கு மட்டும் என்று சொன்னால், மீதி இரண்டு வீட்டின் ஓனர்கள் தலைக்கு இவ்வளவு என்று வாடகை கேட்கிறார்கள். குடும்பத்துக்கு 24,000 என்றால் பையன்களுக்கு 32,000. நான்கு பேரால் முடியாதபோது ஐந்தாவது ஆளைச் சேர்க்கிறார்கள், பிறகு ஆறாவது. ஈபிக்கு சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு ஓனர் சொன்னதே விலை. வீட்டு இணைப்புக்கு அரசு தரும் இலவச 100 யூனிட்டின் பலன் அந்தப் பையன்கள் வரை இறங்கி வருவதே இல்லை. கதவுகளை நாமே சாத்திவிட்டு, திறந்திருக்கும் ஒரே கதவில் நெரிசல் என்று குறை சொல்கிறோம்.

சத்தத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கிரிக்கெட் இறுதி ஆட்டத்தன்று கத்துகிறார்கள். மார்கழியில் ஒலிபெருக்கி வைப்பவர்கள் பையன்கள் இல்லை.

விடுதி இருக்கிறதே, பி.ஜி. இருக்கிறதே என்பார்கள். விடுதியில் எல்லோருக்கும் இடம் கிடைப்பதில்லை. ஆராய்ச்சிக்கு வருபவர்களில் முப்பது வயதைத் தாண்டியவர்கள் இருக்கிறார்கள். வாழ்நாள் முழுக்க இரும்புக் கட்டிலும் மணியடிக்கும் மெஸ்ஸும் போதும் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது? படிக்க வருகிறவர்கள் எல்லோரும் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர்களும் இல்லை. 2010 செப்டம்பரில் அண்ணா நூற்றாண்டு நூலகம் கோட்டூர்புரத்தில் திறக்கப்பட்ட பிறகு, போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலிருந்தும் இங்கே வருகிறார்கள். காலையில் கதவு திறக்கும் நேரத்துக்கு டிபன் டப்பாவோடு வரிசையில் நிற்பவர்களைப் போய்ப் பாருங்கள். பகல் முழுக்க அவர்கள் உட்கார்ந்து படிக்க அரசு ஒன்பது மாடி எழுப்பிக் கொடுத்திருக்கிறது. நூலகம் மூடிய பிறகு அவர்கள் படுக்க, சுற்றியிருக்கும் தெருக்கள் ஒரு அறை கொடுக்க மாட்டேன் என்கின்றன. அவர்கள் வேளச்சேரிக்கும் தரமணிக்கும் மேடவாக்கத்துக்கும் பஸ் ஏறுகிறார்கள்.

இதுவரை சொன்னது காசும் தண்ணீரும். இதைவிடக் கனமான ஒன்று பேச்சுலர் என்ற சொல்லின் அடியில் கிடக்கிறது.

காலி செய்யச் சொன்ன பிறகு, அந்த நால்வரில் ஒருவர் என் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து வீடு தேடிப் போன் செய்துகொண்டிருந்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்தார், முகவரியை நான் எழுதிக்கொள்வதற்காக. எதிர்முனையில் ஒரு பெரியவர். நல்ல பேச்சுதான். என்ன படிக்கிறீர்கள், எத்தனை பேர் என்றெல்லாம் கேட்டார். பிறகு,

"சொந்த ஊர் எது தம்பி?"

"விழுப்புரம் பக்கம் சார்."

"விழுப்புரத்துல எங்க?"

ஊர்ப் பெயரைச் சொன்னார்.

"ஊருக்குள்ளயா, தள்ளியா? எந்தத் தெரு?"

அந்தப் பையன் என்னைப் பார்க்கவில்லை. மேஜை விரிப்பின் நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். "சரிங்க சார், அப்புறம் கூப்பிடுறேன்" என்று போனை வைத்தார். அடுத்த எண்ணை அழுத்தும் முன் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். நான் டீ போடப் போனேன். அவர் எதிரே என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

நூறு மைல் தள்ளி இருக்கும் ஒரு ஊரில் எந்தத் தெரு என்பது கோட்டூரில் வீடு விடுபவருக்கு எதற்கு? எதற்கு என்று தமிழ்நாட்டில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். "நீங்க என்ன ஆளுங்க" என்று நேராகக் கேட்கக் கூச்சப்படுபவர்கள் தெருவைக் கேட்கிறார்கள், அப்பா பெயரைக் கேட்கிறார்கள், குலதெய்வம் கேட்கிறார்கள், சைவமா என்று கேட்கிறார்கள். பெயரிலேயே மதம் தெரிந்துவிட்டால் அந்தக் கேள்விகளும் தேவையில்லை, "நேத்துதான் அட்வான்ஸ் வாங்கிட்டேன்" என்றால் முடிந்தது. தில்லி வட்டாரத்தில் வாடகை வீடு தேடுபவர்களை வைத்துப் பொருளியலாளர் சுகதேவ் தோரட்டும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் 2015-இல் வெளியிட்ட கட்டுரை, தலித் பெயரும் முஸ்லிம் பெயரும் சொன்னவர்களுக்கு எப்படிக் கதவுகள் அடைபட்டன என்று காட்டியது. அது தில்லிக் கதை என்று நாம் தள்ளிவிட முடியாது. என் மேஜையில் நடந்ததை நான் காதால் கேட்டேன்.

பேச்சுலர் வேண்டாம் என்ற பலகை இந்த இடத்தில்தான் பயன்படுகிறது. சாதியைச் சொல்லி மறுத்தால் வெட்கம். பேச்சுலர் என்று சொல்லி மறுத்தால் பொறுப்பான ஓனர் என்ற பெயர். வேண்டியவர் பிள்ளையாக இருந்தால் அதே பலகையைத் தாண்டி உள்ளே விடுகிறார்கள். எங்கள் தெருவிலேயே குடும்பத்துக்கு மட்டும் என்று பலகை தொங்கும் ஒரு வீட்டின் மாடியில், ஓனரின் சொந்த ஊர்ப் பையன்கள் இரண்டு பேர் மூன்று வருஷமாக இருக்கிறார்கள். அவர்களும் மாணவர்கள்தான், கல்யாணம் ஆகாதவர்கள்தான். விதியை யாருக்குத் தளர்த்துகிறோம் என்று பார்த்தால் விதி எதற்காக இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

சட்டம் இங்கே கை கொடுப்பதில்லை. அரசியல் சாசனத்தின் 15-ஆவது பிரிவு கடை, உணவகம், கிணறு, குளம், படித்துறை, சாலை என்று பட்டியல் போட்டு, சாதி மதம் சொல்லி யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. அதில் வாடகை வீடு என்ற சொல் இல்லை. பார்சிகளுக்கு மட்டுமே உறுப்பினர் தகுதி என்று அகமதாபாதில் ஒரு கூட்டுறவு வீட்டுச் சங்கம் வைத்த விதி செல்லும் என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் 2017 சட்டமும் குடிவந்தவரைப் பற்றிப் பேசுகிறதே தவிர, குடிவரவே விடாதவர்களைப் பற்றி வாய் திறப்பதில்லை. குளத்தில் இறங்குவதற்குப் போராடி உரிமை வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கல்லூரிக்கு வந்திருக்கிறார்கள். அவர்களுக்குக் குளம் தேவைப்படவில்லை, குழாயுள்ள ஒரு அறை தேவைப்படுகிறது.

குடும்பம் என்ற சொல்லையும் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். என்னோடு கல்லூரியில் வேலை பார்க்கும் ஒருவருக்கு நாற்பத்து மூன்று வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இருபது வருஷமாக ஆசிரியர் வேலை, வரி கட்டுகிறார், அம்மாவுக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறார். வீடு தேடி நான்கு மாதம் அலைந்தார். "தனியாவா இருப்பீங்க? வீட்ல வேற யாரும் வர மாட்டாங்களா? யாராவது வந்து போவாங்களா?" இந்த மூன்று கேள்விகளில் முதல் இரண்டும் ஆள் போதாது என்கின்றன, மூன்றாவது ஆள் வரக் கூடாது என்கிறது. மாணவிகளுக்கு ஒன்பது மணிக்கு கேட் பூட்டு. பரிசோதனைக் கூடத்தில் வேலை முடியப் பத்தரை ஆகும் பெண், வீட்டுக்குள் வருவதற்காக ஆராய்ச்சியைப் பாதியில் நிறுத்திவிட்டு வர வேண்டுமா? பாதுகாப்புக்காகப் பூட்டுகிறோம் என்கிறார்கள். பூட்டிய கேட்டுக்கு வெளியே பத்தரை மணிக்கு நிற்கும் பெண்ணுக்கு அந்தப் பூட்டு என்ன பாதுகாப்பைத் தருகிறது?

பாதுகாப்பு என்றதும் வேளச்சேரியைச் சொல்லாமல் விட மாட்டார்கள். கூட்டத்திலும் ஒருவர் சொன்னார். 2012 பிப்ரவரியில், வங்கிக் கொள்ளைச் சந்தேகத்தில் ஐந்து பேரை அங்கே ஒரு வாடகை வீட்டில் காவல்துறை சுட்டுக் கொன்றது. அதன் பிறகு வட மாநிலத்துப் பையன் என்றாலே வீடு இல்லை என்று ஆனது. காவல்துறை அப்போது ஓனர்களிடம் கேட்டது, குடியிருப்பவர்களின் விவரத்தைத் தாருங்கள் என்று. அடையாள அட்டை, கல்லூரிக் கடிதம், பெற்றோர் எண் எல்லாவற்றையும் வாங்குங்கள், காவல் நிலையத்தில் கொடுங்கள். எந்த மாணவனும் மறுக்க மாட்டான். விவரம் கேட்பது அரை மணி நேர வேலை. அந்த வேலையைச் செய்யாமல் கதவைச் சாத்துவதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைக்கக் கூடாது.

எல்லாவற்றுக்கும் கடைசியில் வருவது ஒரே வாதம்: என் வீடு, என் இஷ்டம். இதைச் சொன்ன அதே ஒன்பது பேர்தான், மூன்றாம் தளத்தில் இருப்பவர் தன் வீட்டை யாருக்கு விடலாம் என்று தீர்மானம் போட்டார்கள். அவர் கூட்டத்துக்கு வரவில்லை; தன் அக்கா மகனும் அவன் நண்பர்களும் தங்க அந்த வீட்டைக் கொடுக்க நினைத்திருந்தார். அவர் வீட்டில் அவர் இஷ்டம் எங்கே போயிற்று?

வாடகைக்கு விடுவது ஒரு தொழில். மாதம் பிறந்தால் பணம் வாங்குகிறோம். மளிகைக் கடைக்காரர் அரிசி கேட்டு வந்தவரிடம் கல்யாணம் ஆயிற்றா என்று கேட்பதில்லை. கோட்டூரில் இந்தத் தொழில் ஓடுவதே பல்கலைக்கழகத்தின் மதில்சுவரால்தான். கிண்டி பொறியியல் கல்லூரி 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது. 1978-இல் அதையும் வேறு கல்லூரிகளையும் சேர்த்து அண்ணா பல்கலைக்கழகம் உருவானது. ஐஐடி 1959-இல் வந்தது. இவை இல்லாமல் இங்கே மெஸ் இல்லை, ஜெராக்ஸ் கடை இல்லை, இரவு பதினொரு மணி வரை இட்லி விற்கும் தள்ளுவண்டி இல்லை, நம் நிலத்துக்கு இந்த விலையும் இல்லை. வீட்டை விற்கும்போது "யுனிவர்சிட்டிக்குப் பக்கத்தில்" என்று விளம்பரத்தில் முதல் வரியாகப் போடுகிறோம். அந்த யுனிவர்சிட்டி என்பது மனிதர்கள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதிதாக வரும் இருபது வயது மனிதர்கள்.

மாணவர்களால் கஷ்டப்பட்ட ஓனர்கள் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். கணவர் விட்டுப்போன ஒரே ஒரு போர்ஷனின் வாடகையில் மருந்து வாங்கும் அம்மாக்கள் இந்தத் தெருவில் இருக்கிறார்கள். இரண்டு மாத பாக்கி நின்றால் அவர்களுக்கு அது பெரிய அடி. ஆனால் அவர்களுக்குத் துணை நிற்பது பலகை இல்லை, எழுதிப் பதிந்த ஒப்பந்தம்தான். பாக்கி வைத்தால் வாடகை நீதிமன்றத்தில் முறையிட அதே 2017 சட்டம் வழி செய்கிறது. 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் சொல்லிவிட்டு வீட்டைப் போய்ப் பார்க்கவும் உரிமை தருகிறது. அமெரிக்காவில் இருக்கும் அந்த ஓனர் இங்கே ஒருவரை நியமித்து ஒரே ஒரு முறை அப்படிப் பார்க்கச் சொல்லியிருந்தால், என் அடுப்பின் மேல் கூரை விழுந்திருக்காது.

அந்தப் பையன்கள் சென்ற சனிக்கிழமை ஒரு டாடா ஏஸில் சாமான் ஏற்றிக்கொண்டு மேடவாக்கம் போனார்கள். வீட்டைக் கழுவித் துடைத்துவிட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தார்கள். அட்வான்ஸில் பெயிண்டிங்குக்கு 24,000 பிடித்துக்கொண்டதாக அன்று மாலையே ஓனரிடமிருந்து அவர்களுக்குச் செய்தி வந்தது. குளியலறை ரிப்பேருக்குத் தனியாகக் கணக்கு அனுப்புவதாகவும் அதில் இருந்தது.

தீர்மானத்தை மறுபடி எடுத்துப் பேச வேண்டும் என்று செயலாளருக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன். வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறார். பிளம்பர் அறுத்துக் கொடுத்த எல்போ என் பால்கனியில், துளசித் தொட்டி பக்கத்தில் இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அதை ஒரு பழைய செய்தித்தாளில் சுற்றி மொட்டை மாடிக்கு எடுத்துப் போவேன். ஒன்பது பேரும் கையில் வாங்கி ஒரு தரம் உள்ளே பார்க்கட்டும்.